இரண்டாம் படி

ஏணிக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனால் பொய்யை நம்பத் தெரியும். ஆலங்கரை அரசு மருத்துவமனையில் அந்த மாதம் நடந்த கொடுமைக்கெல்லாம் இந்த இரண்டும்தான் காரணம்.

"மேடம், மூக்கில ரத்தம் இன்னும் நிக்கல. காய்ச்சலும் ஏறுது" என்று வாசலிலேயே குரல் கொடுத்தாள் சிஸ்டர் புஷ்பவதி.

டாக்டர் எஸ்தர் ராணி கையில் இருந்த காபியை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு ஓடினாள். புற்றுநோய் வார்டின் கடைசிக் கட்டிலில் வனப்பேச்சி மல்லாந்து படுத்திருந்தாள். இருபது வயது. மூக்கில் பஞ்சு, உதடெல்லாம் புண், மொட்டைத் தலையில் அவள் அம்மாவின் பழைய சேலைத் துண்டு. இரண்டு மாதத்துக்கு முன்னால் போலீஸ் தேர்வு மைதானத்தில் ஓடும்போது மயங்கி விழுந்தவள். வெயில் என்றார்கள். ரத்தத்தைச் சோதித்தபோது ரத்தப் புற்றுநோய்.

"டாக்டரம்மா, போலீஸ்ல சேர்ந்தா நாட்டுக்காக ரத்தம் சிந்தணும்னு கோச் சொல்லுவாரு" என்றாள் வனப்பேச்சி, மூக்கடைத்த குரலில். "நான் வேலை கிடைக்கிறதுக்கு முன்னாடியே சிந்திட்டேன். சீனியாரிட்டி குடுப்பாங்களா?"

"வாயை மூடிக்கிட்டுப் படு. பேசினா இன்னும் வரும்."

"அடிப் பாவி மகளே, சிரிப்பாடி வருது உனக்கு?" என்றாள் அவள் அம்மா சீனியம்மாள். உப்பளத்து வெயிலில் கருத்து வெடித்த கைகள். அந்தக் கைகளால் மகளின் காலைப் பிடித்தபடியே எஸ்தரைப் பார்த்தாள். "டாக்டரம்மா, நாளைக் காலையில அடுத்த ஊசின்னு அந்த மெசினு சொல்லுதாம். இந்த நெலமையில போட்டா தாங்குவாளா?"

எஸ்தர் மூக்குப் பஞ்சை மாற்றினாள். தாங்க மாட்டாள் என்பதைத் தாயிடம் எந்த வார்த்தையில் சொல்வது?

"நீங்க போடாம விட்டுட்டா என்னம்மா?"

"போடாம விட்டா, சிகிச்சையைப் பாதியில விட்டுட்டுப் போனவங்கன்னு ஏணி எழுதிக்கும். அப்புறம் அந்த மருந்துப் பெட்டி இவ பேருக்கு எப்பவும் திறக்காது."

"நீங்க டாக்டருதானே? நீங்க சொன்னா கேக்காதா?"

"டாக்டர் சொல்றதைத்தான் அது கேக்கவே கேக்காது, சீனியம்மா."

ஏழை நாடுகளின் ரத்தப் புற்றுநோயாளிகளுக்காக உலகம் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. மருந்து முழுக்க இலவசம். பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனை. யாருக்கு, எது, எவ்வளவு என்பதை ஏணி முடிவு செய்யும். அது சொன்னால்தான் மருந்துப் பெட்டி திறக்கும். சக்கரம் வைத்த ஒரு கம்பம், அதன் உச்சியில் நுங்குக் கண் அளவுக்கு ஒரு கண்ணாடி, கீழே ஒரு திரை. அவ்வளவுதான் ஏணி. சலைன் ஸ்டாண்டுக்குக் கண் முளைத்த மாதிரி இருக்கும். பல ஆண்டுகளுக்கு ஒரு முறை, ஆய்வு நாளில், கண்ணைத் திறந்து மருத்துவமனை முழுவதும் உருண்டு போய்ப் பார்க்கும். பார்த்துவிட்டு, அங்கிருக்கும் வசதிக்கு நான்கு படிகளில் எந்தப் படி என்று சொல்லும். மற்ற நாட்களில் நோயாளிகளின் அந்தரங்கம் கருதி அதன் கண் மூடியே இருக்கும்.

ஒரே நோய்க்கு நான்கு வைத்தியம். கேட்கும்போது அநியாயம் என்று தோன்றும். எஸ்தருக்கு அப்படித் தோன்றியதில்லை. கடுமையான மருந்து புற்றுநோயோடு சேர்த்து நல்ல ரத்தத்தையும் கொல்லும். அந்தப் பள்ளத்தில் விழுகிறவரைத் தூக்கிவிட, ரத்தக் கசிவை நிறுத்தும் பிளேட்லெட் வேண்டும், தொற்று அண்டாத அறை வேண்டும், கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இதெல்லாம் இல்லாத இடத்தில் கடுமையான மருந்தைக் கொடுத்தால் நோய்க்கு முன்னால் வைத்தியம் ஆளை முடித்துவிடும். அதனால் நான்காம் படியில் முழு மருந்து, இரண்டாம் படியில் மென்மையான மருந்து. ஏணி வருவதற்கு முன்னால் பணக்கார நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து வைத்தியம் செய்து, நோயாளிகளை வரிசையாக இழந்த டாக்டர்களை எஸ்தருக்குத் தெரியும்.

ஆலங்கரை பல ஆண்டுகளாக இரண்டாம் படி. பத்துப் பேரில் நான்கு பேர் பிழைப்பார்கள். நான்காம் படி என்றால் எட்டுப் பேர்.

வனப்பேச்சி வந்து சேர்ந்தபோதுதான் ஆய்வும் வந்தது.

மருத்துவமனை சூப்பிரண்டென்ட் டாக்டர் நாகரத்தினம் இதில் கை தேர்ந்தவர். மதுரைத் தனியார் மருத்துவமனை ஒன்றிலிருந்து பிளேட்லெட் பிரிக்கும் இயந்திரம் இரவலாக வந்தது. இரண்டு நர்சுகள் இரவலாக வந்தார்கள். பந்தல்காரர் சிக்கந்தர் ராவுத்தர் கல்யாண மண்டபத்து ஏசி இரண்டைக் கொண்டுவந்து, பிளாஸ்டிக் திரை கட்டி, தொற்றில்லா அறை ஒன்றை அரை நாளில் எழுப்பினார். பழைய கட்டடத்துக்குப் போகும் கதவை 'புற்றுநோய் இல்லா ஆலங்கரை' என்ற பெரிய பேனர் மறைத்தது. அதன் முன்னால் குரோட்டன்ஸ் தொட்டிகள்.

"சார், இது தப்பில்லையா?" என்று எஸ்தர் அன்று கேட்டாள்.

"ஏம்மா, கல்யாண வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அண்டாவை வாங்கறதில்லையா? அதை யாராவது மோசடின்னு சொல்வாங்களா?" நாகரத்தினம் குரோட்டன்ஸ் தொட்டி ஒன்றைத் தானே நகர்த்தி வைத்தார். "படி ஏறிட்டா மெஷின் தானா வந்துடும். மெஷின் வரட்டும்னு உக்காந்திருந்தா படி ஏறவே முடியாது."

எஸ்தர் வனப்பேச்சியை நினைத்தாள். நான்குக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்கும் நான்கு பேரில் ஒருத்தியாக அவள் இருக்கலாமே என்று நினைத்தாள். பேசாமல் இருந்துவிட்டாள்.

ஏணி உருண்டு வந்தது, பார்த்தது, நம்பியது. நான்காம் படி. லட்டு கொடுத்தார்கள்.

இரவல் சாமான் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போனது. சொந்த இயந்திரம் கேட்டு நாகரத்தினம் சென்னைக்கு எழுதினார். பதில் உடனே வந்தது. நான்காம் படியில் உள்ள மருத்துவமனையில் ஏற்கெனவே இயந்திரம் இருக்கிறது. இன்னொன்று எதற்கு?

இதற்குள் முதல் சுற்று மருந்து வனப்பேச்சியின் உடம்புக்குள் இறங்கியிருந்தது.

எஸ்தர் மருந்தறைக்குப் போய் ஏணியின் முன்னால் நின்றாள். கண் மூடியிருந்தது. திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது.

"வனப்பேச்சிக்கு நாளைய ஊசியை நிறுத்தணும்" என்றாள். "பிளேட்லெட் அதலபாதாளத்தில இருக்கு. காய்ச்சல் வேற."

"நான்காம் படி வழிகாட்டுதல்படி, பிளேட்லெட் ஏற்றிவிட்டு மருந்தைத் தொடர வேண்டும், மருத்துவரே" என்றது ஏணி. வானொலியில் செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல்.

"ஏத்துறதுக்கு இங்க பிளேட்லெட் இல்ல. மெஷினே இல்ல."

"இயந்திரத்தை நான் கண்ணால் பார்த்தேன்."

"அது இரவல். திருப்பி அனுப்பியாச்சு. நான் சொல்றேன், நம்பு."

"மருத்துவர்களின் வாய்மொழியைச் சான்றாக ஏற்க எனக்கு அனுமதி இல்லை. கடந்த காலத்தில் மருத்துவர்கள் நோயாளிகள்மேல் இரக்கப்பட்டுப் பொய் சொல்லியிருக்கிறார்கள்."

எஸ்தருக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "சரி. மறுபடி வந்து பாரேன்."

"மறு ஆய்வு கோரினால், விசாரணை முடியும்வரை இம்மருத்துவமனையின் மருந்துப் பெட்டி பூட்டப்படும். வழக்கமாக மூன்று மாதங்கள் ஆகும். கோரட்டுமா?"

வார்டில் இருந்த அத்தனை பேர் முகமும் எஸ்தருக்கு முன்னால் வந்து போனது.

"வேண்டாம்" என்றாள்.

வெளியே வந்தபோது, வார்டின் முதல் கட்டிலிலிருந்து லூர்துசாமி கூப்பிட்டார். அரசுப் பேருந்துக் கண்டக்டர். அவருக்கும் அதே நோய்தான். ஆனால் நான்காம் படி மருந்து அவருக்கு என்னவோ ஒத்துப்போய்விட்டது. சோதனை ஒவ்வொன்றிலும் நோய் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா, மதுரை வண்டியில நம்ம பையன் ஒருத்தன் டியூட்டி பாக்குறான். பெரியாஸ்பத்திரி ரத்த வங்கியில சொல்லி ஒரு பை பிளேட்லெட் வாங்கி, மடியில வச்சுக் கொண்டாரச் சொல்லியிருக்கேன். சாயங்காலம் வந்துடும்."

"லூர்து அண்ணே..." என்றாள் எஸ்தர்.

"அதுக்கு டிக்கெட் போட வேண்டாம்னுட்டேன். மடியில வச்சுத்தானே வருது" என்று சிரித்தார் அவர்.

ஒரு பை வரும். ஒரு நாளைக்குத் தாங்கும். நாளைக்கு ஊசி போட்டால், அதற்கப்புறம் தினமும் ஒரு பை வேண்டும். மதுரைக்கே கொண்டுபோகலாம் என்றால், அங்கே வராந்தாவில்கூட இடமில்லை. மூன்று மணி நேர ஆம்புலன்ஸ் குலுக்கலில் மூளையில் ரத்தம் கசிந்தால் அதோடு முடிந்தது.

நேராக சூப்பிரண்டென்ட் அறைக்குப் போனாள். நாகரத்தினம் சென்னைக் கடிதத்தின் மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். பத்து வயது கூடியவர் போலத் தெரிந்தார்.

"சார், உங்க அண்டா ஒரு பொண்ணைக் கொல்லப் போகுது."

அவர் கோபப்படவில்லை. "பேரிடர்" என்றார் மெதுவாக.

"என்ன?"

"புயல், வெள்ளம், விபத்து மாதிரி ஏதாவது நடந்தா ஏணி உடனே கண்ணைத் திறந்து பாக்கும். நிலைமை மோசம்னா அதே நிமிஷத்துல படியை இறக்கிடும். விசாரணை கிடையாது, பெட்டியும் பூட்டாது. அதோட சட்டத்துலயே இருக்கு. படி இறங்கிட்டா நாளைய ஊசி தானா ரத்து. அவ பேரையும் அடிச்சிடாது." அவர் எழுந்து நின்றார். பழைய நாகரத்தினம் கண்ணில் எட்டிப் பார்த்தார். "உப்புக் கம்பெனியில பாய்லர் வெடிச்சிடுச்சு, எஸ்தர்."

"எப்போ?"

"மூணு மணிக்கு வெடிக்கும்."

சீனியம்மாள் போன் செய்தாள். உப்பளத்து ஆட்கள் இரண்டு லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சிக்கந்தர் ராவுத்தர் வாளியில் குங்குமத்தைக் கரைத்துக்கொண்டு வந்தார். புதுக் கட்டடத்து வராந்தாவில் ஆணும் பெண்ணுமாக வரிசையாகப் படுத்தார்கள்.

"ஏ, செல்லக்கிளி, ரத்தக் காயத்தோட வெத்தலை போடுற ஆளை எங்கயாவது பாத்திருக்கியா? துப்பு" என்று ஒருத்தி அதட்டினாள்.

"வாயிலயும் அடிபட்டிருக்குன்னு நெனைச்சுக்கட்டுமே!"

"எல்லாரும் முனகணும். சும்மா படுத்திருந்தா பொணம்னு நெனைச்சிடும்" என்று சிக்கந்தர் யோசனை சொன்னார். "பாயி, நீங்க முனகிக் காட்டுங்க, நாங்க பின்பாட்டுப் பாடுறோம்" என்றது ஒரு குரல். சிரிப்பு அலையாக ஓடி அடங்கியது.

எஸ்தர் ஏணியின் திரையில் பேரிடர் பொத்தானை அழுத்தினாள். கண் திறந்தது. நாகரத்தினம் கம்பத்தைப் பிடித்துப் புதுக் கட்டடத்துப் பக்கம் தள்ளப் போனார்.

"தேவையில்லை. பேரிடர்க் காலத்தில் வழியை நானே தேர்ந்தெடுப்பேன்" என்றது ஏணி.

அவர் கையிலிருந்து நழுவி, சக்கரங்கள் கிறீச்சிட, அது நேர் எதிர்ப் பக்கம் திரும்பியது. பேனர் போன வாரக் காற்றில் கிழிந்து போயிருந்தது. குரோட்டன்ஸ் தொட்டிகளைச் சிக்கந்தர் ஒரு வளைகாப்புக்குக் கொண்டுபோயிருந்தார். ஏணி, பழைய கட்டடத்தின் கதவை முட்டித் திறந்துகொண்டு உள்ளே போனது.

எஸ்தர் பின்னாலேயே ஓடினாள். அது எந்த நாளும் இருக்கிற பழைய கட்டடம்தான். கட்டிலுக்கு இரண்டு பேர், ஒருவர் தலைமாட்டில் இன்னொருவர் கால். கட்டில் கிடைக்காதவர்களுக்குத் தரையில் பாய். சலைன் பாட்டில்கள் ஜன்னல் கம்பியில் பேண்டேஜ் துணியால் கட்டித் தொங்கின. ரத்தம் வைக்கும் ஃபிரிட்ஜ் எப்போதோ செத்துப்போய், அதன் மேல் நோயாளிகளின் தூக்குவாளிகள் வரிசையாக நின்றன. அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு நர்ஸ், கையுறையைக் கழுவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கதவோரத்தில் ஒரு கிழவர் தன் குளுக்கோஸ் பாட்டிலைத் தானே தூக்கிப் பிடித்தபடி தூங்கியிருந்தார். கை மட்டும் இறங்கவில்லை.

ஏணி நின்றது. கண் இடமிருந்து வலமாக ஒரு முறை சுற்றியது.

"போதுமான சான்று கிடைத்துவிட்டது" என்றது.

புதுக் கட்டடத்தில் உப்பளத்து மக்கள் முனகும் சத்தம் இங்கே வரை கேட்டுக்கொண்டிருந்தது. அவர்களை யாரும் பார்க்கவே இல்லை.

"பேரிடரின் வகை என்ன, மருத்துவரே? புயல், வெள்ளம், நிலநடுக்கம், போர், தொழிற்சாலை விபத்து, மற்றவை."

நாகரத்தினம் பக்கத்தில் நின்று "பாய்லர், பாய்லர்" என்று உதட்டை அசைத்தார். எஸ்தர் அவர் பக்கம் திரும்பவில்லை.

"மற்றவை" என்றாள்.

"எப்போது தொடங்கியது?"

"தெரியல. நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே இருந்துச்சு."

"எப்போது முடியும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?"

எஸ்தர் அந்தக் கிழவரின் இறங்காத கையைப் பார்த்தாள். ஏணி சற்றுக் காத்திருந்துவிட்டுத் தானே பேசியது.

"நீடித்த பேரிடர் என்று பதிவு செய்கிறேன். ஆலங்கரை மருத்துவமனை முதல் படிக்கு இறக்கப்படுகிறது. நடப்பிலுள்ள எல்லா ஊசிகளும் நிறுத்தப்படுகின்றன. வலி குறைக்கும் மருந்தும் காய்ச்சல் மருந்தும் தடையின்றிக் கிடைக்கும். பேரிடர் முடிந்ததும் தெரிவித்தால் மீண்டும் பார்க்க வருவேன்."

கண் மூடிக்கொண்டது.

"முதல் படியா?" எஸ்தர் நாகரத்தினத்தின் பக்கம் திரும்பினாள். "முதல் படின்னா, சாகும்போது வலிக்காம சாகுறதுக்கு மட்டும்தான் மருந்து. நாம இரண்டாம் படிதானே சார்? ஏன் அதுக்கும் கீழே போட்டுச்சு? மெஷின்ல ஏதோ தப்பு!"

நாகரத்தினம் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். செத்துப்போன ஃபிரிட்ஜைப் பார்த்தார்.

"தப்பில்லம்மா. இப்பத்தான் அது சரியாப் பாத்திருக்கு."

"என்ன சொல்றீங்க?"

"நீ வர்றதுக்கு முன்னாடி, ஏணி முதல் தடவை வந்தப்பவும் இதே சிக்கந்தர்தான். ஒரே ஒரு ஏசி. ராமநாதபுரத்துலருந்து ஒரு நல்ல ஃபிரிட்ஜ். இந்தக் கதவுக்கு ஒரு பேனர். இரண்டாம் படி வாங்கினோம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம நிஜம் என்னைக்கும் முதல் படிதான். அந்த இரவல் படியில நின்னுதான் இத்தனை வருஷமா பத்துக்கு நாலு பேரைப் பொழைக்க வச்சோம். நீ வச்சே. இந்தத் தடவை எனக்குத்தான் பேராசை. ஒரு படி தாண்டி ஏறினது போதாம, அதுக்கு மேல இன்னும் ரெண்டு படி ஏறிட்டேன்."

எஸ்தர் சுவரில் சாய்ந்தாள். அவள் நேர்மையாகச் செய்ததாக நம்பியிருந்த வைத்தியம், பிழைத்து வீட்டுக்குப் போனவர்கள், தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தவர்கள், எல்லாமே ஒரு பேனருக்குப் பின்னால் நடந்தவை.

மதுரை வண்டி வந்தது. ஒரு பை பிளேட்லெட் வந்தது. மறுநாள் காலை ஊசி இல்லை. வனப்பேச்சியின் மூக்கில் ரத்தம் நின்றது. இரண்டு நாள் நெருப்பாய்க் கொதித்துவிட்டு, மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

லூர்துசாமிக்கும் ஊசி இல்லை. மருந்துப் பெட்டி அவர் பேருக்கு இரண்டு வலி மாத்திரைகளை நீட்டியது.

"எனக்குத்தான் வலியே இல்லையேம்மா?" என்றார் அவர். விஷயத்தை எஸ்தர் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வனப்பேச்சியின் கட்டிலைப் பார்த்தார்.

"பாதி வழியில இறக்கிவிட்டுட்டீங்களேம்மா" என்றார்.

திட்டவில்லை. அதுதான் எஸ்தரைக் கொன்றது. அன்று மத்தியானமே அவர் பையை எடுத்துக்கொண்டு, மதுரை வராந்தாவில் வரிசையில் நிற்கப் போனார். நான்காம் படி மருந்து அங்கே உண்டு. அவர் முறை வரும்போது நோய் திரும்பி வராமல் இருக்க வேண்டும். "அண்ணே, நான் போலீஸ் ஆனதும் உங்க வண்டியில ஓசியில வருவேன்" என்று வனப்பேச்சி கத்தினாள். அவர் வாசல்படியில் நின்று, விசில் ஊதுவது போல் இரண்டு விரலை வாயில் வைத்துக் காட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரக் கடைசியில் வனப்பேச்சி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். உடம்பு தேறிக்கொண்டிருந்தது. நோயும் உள்ளே தேறிக்கொண்டிருக்கும் என்பது எஸ்தருக்குத் தெரியும்.

"அடுத்த ஊசி எப்ப டாக்டரம்மா? அடுத்த தேர்வுக்குள்ள ஓடணும்ல?"

"வரும். இனிமே வரப்போறது மெதுவா வேலை செய்யிற ஊசி."

"மெதுவான்னா? ஜெயிக்குமா?"

பத்துக்கு நாலு. எஸ்தர் அவள் தலைத்துணியைச் சரிசெய்துவிட்டு எழுந்தாள்.

வெளியே லோடு வண்டி வந்து நின்றது. சிக்கந்தர் ராவுத்தர் குதித்து இறங்கித் தார்ப்பாயை விலக்கினார். இரண்டு ஏசி, பிளாஸ்டிக் திரைச் சுருள்கள், குரோட்டன்ஸ் தொட்டிகள், புதிதாக அச்சடித்த பேனர்.

"சூப்பிரண்டு சார் போன் பண்ணினாரு. பேரிடர் முடிஞ்சிடுச்சுன்னு ஏணிகிட்ட சொல்லியாச்சாம், ஆய்வு மறுபடி வருதாமே? போன தடவை மாதிரியே ஜம்முனு பண்ணிடலாம் டாக்டரம்மா. மதுரைக்காரங்ககிட்ட அந்தப் பெரிய மெஷினையும் கேட்டு வச்சிருக்கேன். ஒரு வார்த்தை சொன்னா ராத்திரியே வந்துடும்."

எஸ்தர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். நாகரத்தினம் வாசல்படியில் நின்றார். இந்தத் தடவை அவர் எதையும் தொடவில்லை.

"மெஷின் வேணாம் பாய்" என்றாள் எஸ்தர். "ஃபிரிட்ஜ் இருக்கா? நல்லா ஓடுறதா ஒண்ணு?"

"இருக்கு."

"அதை இறக்குங்க."

சிக்கந்தரின் ஆட்கள் ஃபிரிட்ஜை இறக்கினார்கள். ஒரு ஏசியை இறக்கினார்கள். எஸ்தர் பேனரை எடுத்துக்கொண்டு பழைய கட்டடத்துக் கதவருகே ஸ்டூல் போட்டு ஏறினாள். உள்ளே யாரோ இருமினார்கள். கயிற்றை ஆணியில் சுற்றி இறுக்கிக் கட்டி, காற்றுக்கு அவிழாதபடி இரண்டாம் முடிச்சும் போட்டாள்.

"டாக்டரம்மா, இந்த இன்னொரு ஏசியையும் மாட்டிடவா?" சிக்கந்தர் வண்டியிலிருந்து கேட்டார். "சும்மாதானே கிடக்கு. கூட ஒண்ணு இருந்தா கௌரவமா இருக்கும்."

எஸ்தர் ஸ்டூலிலிருந்து திரும்பிப் பார்த்தாள். எதிரே வார்டு ஜன்னலில் வனப்பேச்சி கஞ்சித் தம்ளரோடு உட்கார்ந்து இவளையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு போதும் பாய்" என்றாள். "அதை வண்டியிலயே வைங்க."